சும்மா நிற்பதற்கு ஒரு கார்

என் அப்பாவை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரெண்டு' என்பார்கள். வயதில் சின்னவர்கள் மரியாதையாக 'ரெண்டண்ணே' என்பார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். கைப்பையில் இரண்டு டார்ச். மூக்குக் கண்ணாடியும் இரண்டு. ஒன்று போட்டுக்கொள்ள, மற்றது அதைத் தேட. தலைமாட்டில் இரண்டு அலாரக் கடிகாரங்கள் இருக்கும். முதல் கடிகாரம் அவரை எழுப்பும். முதல் கடிகாரம் எழுப்பிவிட்டதா என்று சரிபார்க்க இருக்கும் இரண்டாவது, எங்கள் எல்லோரையும் எழுப்பும்.

கேட்டால் லிஃப்டைக் காட்டுவார்.

"ஒரு கயிறே லிஃப்டைத் தாங்கும். இருந்தும் நாலஞ்சு கயிறு போட்டுத் தொங்கவிடறோம். எதுக்கு? ஒண்ணு அறுந்தா?"

"இதுவரைக்கும் ஏதாவது அறுந்திருக்கா?" என்று அம்மா கேட்பாள்.

"நாலஞ்சு இருக்கறதாலதான் அறுந்து போகல."

இந்த வாதத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நான் மூன்று வருடம் கல்லூரியில் படித்தும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வரலாறு படித்தேன். பட்டம் வாங்கி வந்த அன்று அப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சான்றிதழை இரண்டு நகல் எடுத்து, இரண்டு பீரோவில் வைத்தார். சாப்பிட உட்கார்ந்ததும், "சரி பாப்பா, இதுக்கு ஸ்பேரா என்ன வச்சிருக்க?" என்றார்.

என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த வாரமே கார் ஓட்டும் பள்ளியில் சேர்த்துவிட்டார். உரிமமும் வாங்கினேன். அதன் பிறகு வேலைக்கு விண்ணப்பம் போடுவதும், பதில் வருகிறதா என்று பார்ப்பதுமாக நாட்கள் போயின. சில நாள் எனக்கே குழப்பமாக இருக்கும். பட்டம் மெயின், கார் ஓட்டுவது ஸ்பேர் என்கிறார்கள். மெயினுக்கே வேலை இல்லாதபோது ஸ்பேர் எதற்கு ஸ்பேர்? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இந்த வழியாக எங்கள் வீட்டில் யாரும் போனதில்லை.

அம்மா வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பாள். தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் எங்கள் அடுப்படிதான். எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. அதன் பின் சீட் ஒரு பக்கம் இறங்கியிருக்கும் என்பதால் கேக் டப்பா எப்போதும் என் மடியில்தான் பயணம் செய்யும். எங்கள் குடும்பச் சொத்துகளிலேயே சமதளமானது என் மடி.

ஒருநாள் அந்தக் கார் அப்பாவோடு நடுரோட்டில் நின்றுவிட்டது. சிறிய கோளாறுதான், சரி செய்து ஓட்டி வந்துவிட்டார். ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது முகம் வெளுத்திருந்தது.

"இத்தனை நாளா நம்ம வீட்டுல ஒரே ஒரு வண்டி வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கியிருக்கோம். என்ன தைரியம் பாரு."

"பக்கத்து வீட்டுல ஒண்ணுகூட இல்ல. அவங்களும்தான் தூங்கறாங்க," என்றாள் அம்மா.

ஸ்பேர் கார் வாங்குவது என்று முடிவானது. அதுவும் அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை. விலை மட்டும் எவ்வளவு குறைவாகக் கிடைக்குமோ அவ்வளவு. "சும்மா நிக்கப்போற வண்டிக்கு எதுக்கு ராஜ மரியாதை?" என்றார் அப்பா. பார்த்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் படித்தவள் அல்லவா.

பழைய கார் விற்கும் புரோக்கரின் ஷெட்டில் வண்டிகள் எல்லாம் முன்பக்கம் மட்டும் கழுவப்பட்டு வரிசையாக நின்றன. புரோக்கர் தலையைச் சீவியபடியே எங்களை அழைத்துப் போய் ஒரு வெள்ளைக் காரின் கூரையில் தட்டினார்.

"டாக்டர் ஓட்டின வண்டி. வேற கையே படல."

கதவைத் திறந்தேன். ஏதோ ஒரு வாடை. மிதியடியைத் தூக்கித் துரு இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று முந்தின இரவு நான் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தூக்கினேன். துரு இல்லை. வெள்ளையாக ஓர் இறகு இருந்தது.

"என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் பாப்பாரு."

அடுத்த மிதியடியின் கீழ் பழுப்பு நிறத்தில் இன்னோர் இறகு. "கோழிக்குமா?"

"உசுருன்னு வந்துட்டா எல்லாம் ஒண்ணுதானே தங்கச்சி."

அதற்குள் அம்மா பின் சீட்டைத் தூக்கி, அடியில் கைவிட்டு, ஒரு முட்டையை எடுத்தாள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு புரோக்கரிடம் நீட்டினாள். அந்த ஆள் அசரவில்லை. "அது வண்டியோடது. நீங்களே வச்சுக்குங்க. அதுக்குன்னு தனியா ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அப்பா இதில் எதையும் கவனிக்கவில்லை. எங்கள் கார் கதவின் கைப்பிடியையும் இந்தக் கார் கதவின் கைப்பிடியையும் மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தார். "அப்படியே இருக்கு. அச்சு அசல்." அவர் கண்ணில் நீர் தளும்பியது. வாங்க வந்தவர் கண்கலங்கிவிட்டால் அப்புறம் பேரம் என்ன பேரம்.

"பாப்பா, நீ என்ன சொல்ற?" என்றார். மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் படித்த புரட்சிகள் எதிலும் எஞ்சின் சத்தம் இப்படி இருக்கலாமா என்ற கேள்வி வந்ததில்லை.

"எனக்குத் தெரியலப்பா."

"படிச்சவங்க இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க," என்று அப்பா புரோக்கரிடம் பெருமையாகச் சொன்னார். வண்டி எங்களுடையதாகிவிட்டது.

கோழி வாடை போவதற்காகப் பின் சீட்டைக் கழற்றிக் கழுவி மொட்டை மாடியில் காயவைத்தோம். காய்ந்ததா பார்க்கப் போன அம்மா அதில் உட்கார்ந்து டீ குடித்தாள். அவ்வளவுதான், அது மொட்டை மாடி சோபாவாகிவிட்டது. திரும்பக் கேட்க அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை. சீட் இல்லாமலே காரை வீட்டுப் பக்கச் சந்தில் நிறுத்தி, உறை போட்டு மூடினார். ஞாயிறுதோறும் உறையைத் தூக்கி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தலையை ஆட்டிவிட்டு மூடுவார். தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல இருக்கும்.

யாரும் அதைத் தொடக்கூடாது என்பது சட்டம்.

"அதுல ஒரு தடவை கேக் எடுத்துட்டுப் போலாமே," என்று அம்மா கேட்டுப் பார்த்தாள்.

"எடுத்தா அது மெயின் ஆயிடும். அப்புறம் ஸ்பேருக்கு எங்க போறது? சும்மா நிக்கறதுதான் அதோட வேலை."

எதிர்வீட்டு டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். "என்ன சார், மூடியே வச்சிருக்கீங்க. உள்ள ஏதாவது குட்டி போட்டிருக்கா?"

இவ்வளவு கட்டுப்பாடான மனிதருக்கு வேலையிடத்தில் வேறொரு பழக்கம் இருந்தது. இரண்டு லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ஒன்று நின்றுபோனால், புதுப் பாகம் வரும்வரை அதில் 'பழுது' என்று பலகை மாட்டிவிடுவார்கள். ஓடுகிற லிஃப்டில் ஏதாவது கெட்டுப்போனால் நின்ற லிஃப்டிலிருந்து கழற்றி அதில் போடுவார்கள். லிஃப்ட்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கடன்'.

எங்கள் காரின் வைப்பர் உடைந்தபோது அப்பா சந்துப் பக்கம் போய்விட்டு வந்தார். மறுபடி வைப்பர் இருந்தது. ஆட்டோ உரசிப் பக்கக் கண்ணாடி போனபோதும் போய் வந்தார். ஹாரன் தொண்டை கட்டியபோதும். பிறகு ஒரு வாரம் கார் இருமி இருமிக் கிளம்பியது, திடீரென்று குணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் நின்றுபோனதை மட்டும் நான் கவனித்தேன். அப்பாவுக்கு அலுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அம்மாவுக்கு ஓர் ஆர்டர் வந்தது. ஒரு கம்பெனியின் மேனேஜர் அம்மாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். அப்பாதான் கதவைத் திறந்து வெளியே கொண்டுவந்தார். அந்த அம்மாள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள், "எங்க வீட்டுல கேக் பண்ணுவாங்க," என்று அம்மாவின் விசிட்டிங் கார்டைக் கொடுத்திருக்கிறார். தொலைந்துவிட்டால் என்று இன்னொன்றும் கொடுத்திருக்கிறார். கம்பெனி அதே கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் பரவுகிறது, அந்தத் திறப்புக்கு மூன்று அடுக்குக் கேக் வேண்டும், பிடித்திருந்தால் வாரா வாரம் ஊழியர் பிறந்தநாள்களுக்கும் வாங்குவோம் என்று போன் வந்தது.

போனை வைத்த பிறகு அம்மா வெகுநேரம் மாவுச் சல்லடையைக் கையில் வைத்தபடி நின்றாள். ஒவ்வொரு வாரமும் யார் வீட்டில் யார் பிறந்தார்கள் என்று தெருவை விசாரிக்காமல், தானாக வருகிற ஆர்டர் ஒன்று. அம்மா ஆசைப்பட்டு நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.

"இது மட்டும் சரியாப் போய்ச் சேர்ந்துட்டா," என்றாள். மாவைச் சலிக்க ஆரம்பித்தாள்.

திறப்பு நாளன்று அப்பா லீவு போட்டார். மதியத்துக்குள் கேக் அங்கே இருக்க வேண்டும். வெயில் ஏறினால் கிரீம் வழிந்துவிடும். கேக்கை வாசல் மேஜையில் வைத்துவிட்டுக் காரைக் கிளப்பினோம். கார் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை. அப்பா மூடியைத் திறந்து பார்த்தார்.

"பெட்ரோல் பம்ப் போயிடுச்சு," என்றார். அவர் முகத்தில் கவலை இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார். வாழ்நாள் முழுக்க இந்த நாளுக்காகக் காத்திருந்தவர் போல விரலை உயர்த்தி, "இதுக்குத்தான்," என்றார். "இதுக்குத்தான் சொன்னேன்."

சந்துக்குப் போனோம். டெய்லரும் கழுத்தில் டேப்போடு பின்னாலேயே வந்தார். அப்பா சிலை திறப்பது போல உறையை உருவினார்.

பக்கக் கண்ணாடி இல்லை. வைப்பர் இல்லை. அப்பாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. எஞ்சின் மூடியைத் தூக்கினார். உள்ளே ஓர் ஓரத்தில், தூசி படாமல், சதுரமாக ஓர் இடம் காலியாக இருந்தது.

"என்னங்க, இதுல பேட்டரி எங்க?" என்றாள் அம்மா.

"இருக்கு."

"எங்க இருக்கு?"

"அதுல."

"அதுல இருந்த பேட்டரி?"

"அது செத்துப்போச்சு. அதனாலதான் இதுல இருந்து கடனா..."

"அப்ப இந்த வண்டிக்கு ஸ்பேர் எது?"

"அந்த வண்டி," என்றார் அப்பா, மிக மெதுவாக.

டெய்லர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ரெண்டையும் சேர்த்துத் தைச்சா ஒரு வண்டி தேறும் சார்."

வாடகைக் கார் கூப்பிட்டேன். ஒன்று வந்தது. டிரைவர் மேஜையில் நின்ற கேக்கின் உயரத்தைப் பார்த்தார், தன் வண்டியைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பா இரண்டு ஸ்பானர்களுடன் ஓடினார். பம்பைக் கழற்றி மாற்றினால் சாயங்காலம் ஆகிவிடும். பேட்டரியைத் திரும்ப ஸ்பேர் காருக்கு மாற்றுவது சீக்கிரம். அவர் திருகிக்கொண்டிருக்கும்போது அம்மா ஸ்பேர் காரின் பின்கதவைத் திறந்தாள். சீட் இல்லாத வெறும் பள்ளம். அப்பா தலையை நிமிர்த்தி, "அந்தச் சீட்டு மாடியில..." என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க," என்றாள் அம்மா. உள்ளே கையை வைத்து அளந்தாள். "பாப்பா, ஒரு பலகை கொண்டு வா. நீளமா."

வீட்டில் நீளமான பலகை ஒன்றுதான் இருந்தது. என் புத்தக அலமாரியின் நடுத்தட்டு. மூன்று சாம்ராஜ்யங்களையும் ஓர் உலகப் போரையும் தரையில் இறக்கிவிட்டுப் பலகையை உருவினேன். காருக்குள் அது மட்டம் பார்த்து வைத்தது போல உட்கார்ந்தது. மூன்று அடுக்கையும் பிரிக்காமல் அப்படியே வைக்கலாம். அம்மா அதைப் பார்த்த பார்வையில் நான் பட்டம் வாங்கி வந்த அன்றைய பெருமை கொஞ்சம் இருந்தது.

"ஹாரன் இன்னும் மாட்டல," என்றார் அப்பா.

"நான் இருக்கேன்," என்றாள் அம்மா.

கேக்கைச் சாயாமல் பிடிக்க அகலமான ஆள் வேண்டும். அப்பா பின்னால் தரையில் சம்மணமிட்டு அதைக் கட்டிக்கொண்டார். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். மிச்சம் இருந்தது நான்.

"ஓட்டு பாப்பா," என்றார் அப்பா. "இப்ப நீதான்."

ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்தில் இல்லாமல் நான் காரை ஓட்டியது அதுவே முதல் தடவை. ஸ்டியரிங்கை விண்ணப்பப் படிவத்தைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தேன், கசங்கிவிடுமோ என்ற பயத்தோடு.

"தம்பி, ஓரமாப் போப்பா. பின்னால கேக் இருக்கு," என்று அம்மா குரல் கொடுத்தாள்.

ஸ்கூட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். "ஹாரன் அடிக்கலாமில்ல?"

"அடிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

வேகத்தடை வரும்போதெல்லாம் பின்னாலிருந்து லிஃப்ட் பாஷை கேட்டது. "மெதுவா. மெதுவா. லெவல் வரட்டும். வந்தாச்சு. இப்ப இறக்கு." ஒரு வளைவில் நாய் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். நாய் பிழைத்தது. பின்னால் சத்தமே இல்லை.

"அப்பா, கேக் எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றார்.

கட்டடத்து வாசலில் காவலாளி எழுந்து வந்தார். "ரெண்டண்ணே, லீவுன்னீங்க?"

இரண்டு லிஃப்டுகள். ஒன்றில் 'பழுது' என்று பலகை. அப்பாவின் கையெழுத்து. பக்கத்து லிஃப்டின் பட்டனை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை.

"அதுவும் காலையில நின்னுடுச்சுண்ணே," என்றார் காவலாளி. "நேத்து இதுல இருந்து கழட்டி அதுல ஒண்ணு போட்டீங்களே, அதுதான் போச்சாம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். கையில் கேக் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

"படி இருக்கும்," என்றார் அப்பா.

"எங்க?"

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தக் கட்டடத்துக்குப் பல வருடமாக வந்துபோகிறவருக்குப் படிக்கட்டு எங்கே என்று தெரியவில்லை. காவலாளி ஒரு கதவைக் காட்டினார். திறந்து பார்த்துவிட்டு அப்பா அசந்து நின்றார். "பாரேன். லிஃப்டுக்கும் ஸ்பேர் வச்சிருக்காங்க."

"ஏறுங்க," என்றாள் அம்மா.

நாலு மாடியும் ஏறினோம். அப்பா கீழே, நான் மேலே, நடுவில் கேக், அதற்கும் நடுவில் அம்மாவின் மூச்சு. ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பா தளத்தின் எண்ணைச் சொன்னார், அது பழக்கதோஷம். மேலே பெரிய ஹாலில் மேஜை தயாராக இருந்தது, ஆட்கள் இன்னும் வரவில்லை. கேக்கை வைத்துவிட்டு அம்மா சுற்றி வந்து பார்த்தாள். ஒரு பக்கம் வந்ததும் நின்றாள்.

நடு அடுக்கில், கிரீமின் மேல், அருகருகே, ஆழமாக இரண்டு கோடுகள்.

அம்மா தலையைத் திருப்பி அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள். இரண்டு பேனாவும் மூடிவரை வெள்ளையாக இருந்தன.

"அந்த நாய்..." என்றார் அப்பா.

சரிசெய்யக் கிரீம் கொண்டுவரவில்லை. ஸ்பேராக ஒரு டப்பா எடுத்துக்கொள் என்று காலையில் அப்பா சொன்னதையும் அதற்கு அம்மா சொன்ன பதிலையும் அந்த நேரத்தில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. அம்மா மேஜையைத் திருப்பி, அந்தப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். "யார் சுவத்துப் பக்கம் போய்ப் பாக்கப்போறாங்க?"

மேனேஜர் அம்மாள் வந்தார். வந்ததும் நேராகச் சுவர்ப் பக்கம் போனார், அங்கேதான் விளக்கு சுவிட்ச் இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியவர் குனிந்தார். அம்மாவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. வாரா வாரம் வரப்போகிற அத்தனை கேக்கும் அந்த இரண்டு கோட்டில் வந்து நின்றன.

"இது என்னம்மா டிசைன்?"

அம்மா என் கையை விட்டாள். "அது எங்க அடையாளம் மேடம். எங்க கேக் எல்லாத்துலயும் இருக்கும்."

"ஏன் ரெண்டு கோடு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேனாக்களைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். "இவரோட பேரு மேடம்," என்றாள்.

மேனேஜர் அம்மாளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. மனைவி செய்கிற கேக்கில் கணவன் பெயரைப் போடுவதை இந்தக் காலத்தில் யார் செய்கிறார்கள் என்று கூட்டத்தில் சொல்லிப் பாராட்டினார். அப்பா வெட்கத்தில் ஹாலுக்கு வெளியே போய், ஓடாத லிஃப்டின் முன்னால் நின்றுகொண்டார்.

ஆர்டர் நிலைத்துவிட்டது. இப்போது வாரா வாரம் கேக் போகிறது. எல்லாவற்றிலும் இரண்டு கோடு போட்டாக வேண்டும். அதற்காகவே அம்மா இரண்டு புதுப் பேனா வாங்கி, மை ஊற்றாமல், கரண்டிகளோடு வைத்திருக்கிறாள். அவற்றை அப்பா தொடக்கூடாது என்பது சட்டம்.

ஸ்பேர் கார் அம்மாவுடையதாகிவிட்டது. புது வைப்பரும் பக்கக் கண்ணாடியும் போட்டு, என் புத்தகப் பலகையை ஆணி அடித்து உள்ளே பொருத்திவிட்டார்கள். புத்தகங்கள் தரையிலேயே இருக்கின்றன. புதுப் பம்பும் பேட்டரியும் போட்டு ஓடிக்கொண்டிருக்கும் பழைய காரில் அப்பா வேலைக்குப் போகிறார். போன வாரம் அதன் வைப்பர் மறுபடி உடைந்தது. அம்மாவின் காரைப் பார்த்துக்கொண்டே சந்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"கடனா..." என்று ஆரம்பித்தார்.

"மழைக்காலம் வரட்டும், பாக்கலாம்," என்றாள் அம்மா, மாவு பிசைந்தபடி.

அன்றிலிருந்து அவர் புரோக்கருக்குப் போன் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வண்டியும் ஓடுவதால் வீட்டில் இப்போது ஸ்பேரே இல்லையாம். தூக்கம் வரவில்லையாம்.

வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். விண்ணப்பங்களும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்று கேக்கைப் பலகையில் ஏற்றிவிட்டு, அப்பா டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, எனக்கு இந்த வேலை மெயினா, ஸ்பேரா?"

அப்பா எழுந்து, ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நன்றாக யோசித்தார்.

"தெரியல பாப்பா," என்றார். "எதுக்கும் ரெண்டையும் வச்சுக்கோ."

"கிரீம் உருகுது," என்று முன் சீட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். ஹாரனை இன்னும் மாட்டவில்லை. வேண்டாம், தெருவில் இப்போதுதான் எல்லோரும் ஒழுங்காக ஓரம் போகிறார்கள் என்று அவளே சொல்லிவிட்டாள்.